ரொட்டி விலை குறைந்தால் யாருக்கு லாபம்? - 200 ஆண்டுகளாக ஓயாத ஒரு வர்த்தகச் சண்டை

1815 மார்ச் மாதம். லண்டனில் நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். உள்ளே ஒரு மசோதா மீது விவாதம் நடந்துகொண்டிருந்தது. வெளியே மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்த பிரெடரிக் ராபின்சனின் வீடு தாக்கப்பட்டது. கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை இறக்கினார்கள். அப்படியும் மசோதா நிறைவேறிவிட்டது.

அந்தச் சட்டம் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். உள்நாட்டில் கோதுமையின் விலை ஒரு குவார்ட்டருக்கு (சுமார் 220 கிலோ) 80 ஷில்லிங்கை எட்டும் வரை வெளிநாட்டுக் கோதுமையை பிரிட்டன் சந்தையில் விற்கக் கூடாது. ‘தானியச் சட்டம்’ என்று வரலாற்றில் பெயர் வாங்கியது இதுதான்.

இறக்குமதி வரி போடலாமா கூடாதா, மலிவான வெளிநாட்டுப் பொருளால் நாடு வளருமா தேயுமா என்று இன்று டிவி விவாதங்களில் பேசப்படும் பல வாதங்களுக்கு ஊற்றுக்கண் இந்த ரொட்டிச் சண்டைதான். இந்தச் சண்டையின் நடுவில் நின்றவர் டேவிட் ரிக்கார்டோ. பொருளியல் பாடப்புத்தகங்களில் இவர் பெயர் துணியோடும் ஒயினோடும் சேர்ந்து வரும். ஆனால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த இரண்டும் அல்ல. அது குத்தகைக் கணக்கு.

சட்டம் எதற்கு வந்தது?

நெப்போலியனுடன் நடந்த போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு வெளியிலிருந்து தானியம் வருவது சிரமமாகிவிட்டது. 1812-ல் கோதுமையின் சராசரி விலை 126 ஷில்லிங் வரை ஏறியது. அந்த விலைக்கு ஆசைப்பட்டு, அதுவரை யாரும் சீண்டாத சுமாரான நிலங்களில்கூட உழவு நடந்தது. குத்தகையும் கிடுகிடுவென ஏறியது.

போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1815-ல் சராசரி 65 ஷில்லிங். நிலப்பிரபுக்கள் பதறிப்போனார்கள். நாடாளுமன்றத்தில் பெரும்பாலும் அவர்களேதான் உட்கார்ந்திருந்தார்கள். தொழிலாளிகளுக்கோ ஓட்டே கிடையாது. அப்புறம் யாருக்குச் சாதகமாகச் சட்டம் வரும்?

தங்கம் சேர்த்தால் நாடு பணக்கார நாடா?

இதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செல்வாக்கோடு இருந்தது ‘வணிகவாதம்’ என்ற சிந்தனை. எளிமையாகச் சொன்னால், நிறைய ஏற்றுமதி செய், குறைவாக இறக்குமதி செய், மிச்சத்தைத் தங்கமாக வாங்கிப் பூட்டிவை. வர்த்தகம் என்பது ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்கும் ஆட்டம் என்பதே இதன் அடிப்படை.

1752-ல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதில் ஓட்டை போட்டார். தங்கம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? பணம் பெருகும், விலைவாசி ஏறும். உங்கள் பொருள் வெளிநாட்டில் விலை போகாது, வெளிநாட்டுப் பொருள் உங்களுக்கு மலிவாகத் தெரியும். வந்த தங்கம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

1776-ல் ஹியூமின் நண்பர் ஆடம் ஸ்மித், ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஒரு படி மேலே போனார். நாட்டின் செல்வம் பெட்டியில் இருக்கும் தங்கம் அல்ல. மக்கள் உழைத்து உண்டாக்கும் பொருட்களே. அந்த உழைப்பின் திறன் எப்படி உயரும்? அவர் காட்டியது ஒரு குண்டூசிப் பட்டறையை. ஒரே ஆள் எல்லா வேலையையும் செய்தால் ஒரு நாளைக்கு 20 ஊசிகூடத் தேறாது. 10 பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 48,000 ஊசிகள்.

சரி, 48,000 ஊசியை யார் வாங்குவது? ஊர்ச்சந்தை போதாது. சந்தை பெரிதானால்தான் வேலையை இன்னும் பிரிக்க முடியும், பிரித்தால்தான் உற்பத்தி பெருகும். வெளிநாட்டு வர்த்தகம் அந்தப் பெரிய சந்தையைத் திறந்துவிடுகிறது. வர்த்தகமும் வளர்ச்சியும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று முதலில் தெளிவாகக் காட்டியவர் ஸ்மித்.

பங்குத் தரகர் போட்ட குத்தகைக் கணக்கு

ரிக்கார்டோ கல்லூரிப் பக்கமே போகாதவர். 1772-ல் லண்டனில் பிறந்து, 14 வயதில் அப்பாவின் பங்குத் தரகு வியாபாரத்தில் இறங்கியவர். 1799-ல் பாத் நகரில் இருந்தபோது தற்செயலாக ஸ்மித்தின் புத்தகம் கையில் கிடைக்க, பொருளியல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அரசுக் கடன் பத்திர வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்தார்.

தானியச் சட்டம் விவாதத்தில் இருந்த 1815-ல் ஒரு சிறு நூல் எழுதி, அந்தச் சட்டம் நாட்டின் வளர்ச்சியையே முடக்கும் என்றார். அந்த வாதத்தை ஓர் எளிய கணக்கோடு பார்க்கலாம்.

ஓர் ஊரில் மூன்று வகை நிலம். ஒரே அளவு செலவு செய்தால் முதல் ரகத்தில் 10 மூட்டை, இரண்டாம் ரகத்தில் 8, மூன்றாம் ரகத்தில் 6 மூட்டை விளைகிறது. மக்கள்தொகை குறைவாக இருந்தால் முதல் ரக நிலமே போதும். யாரும் குத்தகை கேட்க முடியாது. வாய்கள் பெருகப் பெருக, மூன்றாம் ரகத்தையும் உழ வேண்டிவரும். அங்கே உழுபவருக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்றால் தானிய விலை ஏறியே ஆக வேண்டும். அந்த விலையில் முதல் ரக நிலத்தில் 4 மூட்டை கூடுதலாக மிஞ்சும். அந்த 4 மூட்டை உழுதவருக்கா போகும்? அதைக் குத்தகையாக நிலக்காரர் கேட்பார். போட்டி இருப்பதால் உழுபவரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஐ.டி. பார்க் வந்த இடத்தில் திடீரென வீட்டு வாடகை இரட்டிப்பாவது போலத்தான். வீட்டு உரிமையாளர் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைத்திருக்க மாட்டார்.

அடுத்த கண்ணியில்தான் வளர்ச்சி வருகிறது. ரொட்டி விலை ஏறினால் தொழிலாளி உயிர்வாழவே கூடுதல் கூலி தேவை. கூலி ஏறினால் முதலாளியின் லாபம் குறையும். லாபம் குறைந்தால் புதிய ஆலை, புதிய இயந்திரம், புதிய வேலை எதுவும் வராது. ஒரு கட்டத்தில் நாடு அப்படியே நின்றுவிடும். செவ்வியல் பொருளியலாளர்கள் இதைத் ‘தேக்க நிலை’ என்றார்கள். அவர்களை ஆட்டிப்படைத்த பயம் இதுதான்.

இதிலிருந்து தப்பிக்க வழி? ரிக்கார்டோவின் பதில்: மூன்றாம் ரக நிலத்தை உழாதீர்கள். வெளியே மலிவாக விளையும் கோதுமையை வாங்குங்கள். இறக்குமதி என்பது மறைமுகமாக நாட்டுக்குள் இன்னும் கொஞ்சம் நல்ல நிலம் கிடைத்தது மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1814-லேயே ரிக்கார்டோ கேட்கோம் பார்க் என்ற பெரிய எஸ்டேட்டை வாங்கி, தானே நிலப்பிரபு ஆகிவிட்டார். தன் சொந்தக் குத்தகை வருமானத்துக்கு வேட்டு வைக்கும் வாதத்தைத்தான் அவர் முன்வைத்தார்.

துணியும் ஒயினும்: புகழ்பெற்ற நான்கு எண்கள்

1817-ல் வந்த அவருடைய முக்கிய நூலில் அந்தப் பிரபல உதாரணம் இடம்பெற்றது. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 ஆட்கள் தேவை, போர்ச்சுகலில் 90 பேர் போதும். குறிப்பிட்ட அளவு ஒயின் தயாரிக்க இங்கிலாந்தில் 120 ஆட்கள், போர்ச்சுகலில் 80 பேர்.

இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. “அப்போ போர்ச்சுகல் எதுக்கு இங்கிலாந்துகிட்ட துணி வாங்கணும்?” என்று கேட்கத் தோன்றும். இந்த இடத்தில்தான் ரிக்கார்டோ ஸ்மித்தைத் தாண்டுகிறார்.

ஒரு பங்கு துணிக்கு ஒரு பங்கு ஒயின் என்று மாற்றிக்கொண்டால், இங்கிலாந்து 100 பேரின் உழைப்பில் நெய்த துணியைக் கொடுத்து, சொந்தமாகச் செய்தால் 120 பேர் தேவைப்படும் ஒயினைப் பெறுகிறது. 20 பேரின் உழைப்பு மிச்சம். போர்ச்சுகல் 80 பேரின் ஒயினைக் கொடுத்து, 90 பேர் நெய்ய வேண்டிய துணியைப் பெறுகிறது. 10 பேர் மிச்சம். இரண்டு பக்கமும் லாபம்.

முகூர்த்த சீசனில் ஒரு போட்டோகிராபரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் ஷூட்டுக்கு அவருக்கு 15,000 ரூபாய். ஆல்பம் டிசைனிலும் அவர் கில்லாடி. 2 நாளில் முடித்துவிடுவார். அவருடைய உதவியாளருக்கு 3 நாள் ஆகும், சம்பளம் நாளுக்கு 1,000. ஆல்பத்தை அவரே செய்தால் இரண்டு ஷூட் போச்சு, 30,000 ரூபாய் நஷ்டம். உதவியாளரிடம் கொடுத்தால் செலவு 3,000. இரண்டிலும் திறமைசாலி என்பதற்காக இரண்டையும் அவரே செய்வது புத்திசாலித்தனம் ஆகாது. இதைத்தான் ‘ஒப்பீட்டு நன்மை’ என்கிறார்கள்.

சமூக அறிவியலில் உண்மையாகவும் இருந்து, எல்லோருக்கும் சட்டெனப் புலப்படாததாகவும் இருக்கும் ஒரு கருத்தைச் சொல்லுங்கள் என்று கணித மேதை ஸ்டானிஸ்லா உலாம் ஒருமுறை கேட்டார். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் பால் சாமுவேல்சன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன பதில் இந்த ஒப்பீட்டு நன்மைதான்.

நண்பனே எதிர்க்கட்சி

ரிக்கார்டோவை எதிர்த்து வாதாடியவர் அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் மால்தஸ். மக்கள்தொகைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற அதே மால்தஸ்தான். உணவுக்கு வெளிநாட்டை நம்பினால் நாளை போர் வந்தால் கதி என்ன என்று கேட்டார். நிலப்பிரபுக்கள் செலவு செய்வதால்தான் ஆலைப் பொருட்களுக்குக் கிராக்கி இருக்கிறது, அவர்கள் கையைக் கட்டிவிட்டால் வாங்க ஆள் இருக்காது என்றும் வாதிட்டார்.

1811 முதல் 1823-ல் ரிக்கார்டோ இறக்கும் வரை இருவரும் கடிதங்களில் சண்டை போட்டுக்கொண்டே நண்பர்களாக இருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு, உள்நாட்டுத் தேவை என்று இன்று எழும் எதிர்வாதங்கள் பலவற்றின் வேர் மால்தஸிடம் இருக்கிறது.

1846: சட்டம் விழுந்தது

ரிக்கார்டோ பார்க்காத முடிவு 23 ஆண்டுகள் கழித்து வந்தது. 1838-ல் மான்செஸ்டரில் தொடங்கிய தானியச் சட்ட எதிர்ப்பு இயக்கத்தை ரிச்சர்ட் காப்டன், ஜான் பிரைட் ஆகியோர் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 1840-ல் அறிமுகமான ஒரு பென்னி தபால் சேவை அவர்களுக்கு அன்றைய வாட்ஸ்அப். துண்டுப் பிரசுரங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழுகி, பஞ்சம் தொடங்கியது. நிலப்பிரபுக்களின் கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் பிரதமர் ராபர்ட் பீல், 1846 ஜூனில் எதிர்க்கட்சிகளின் ஆதரவோடு தானியச் சட்டங்களை ரத்து செய்தார். சொந்தக் கட்சி உடைந்தது. சில நாட்களிலேயே பதவியும் போனது.

ஆனால் தொழிலாளிகள் எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. ஓட்டுரிமைக்காகப் போராடிய சார்ட்டிஸ்ட் இயக்கத்தினர் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். “ரொட்டி விலையைக் குறைக்கச் சொல்றது ஆலை முதலாளி. நாளைக்கு ரொட்டிதான் மலிவாயிடுச்சே, கூலியைக் குறைச்சுக்கோன்னு சொல்ல மாட்டானா?” என்பதே அவர்களின் கேள்வி.

இந்தச் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல. ரிக்கார்டோவின் கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ரொட்டி மலிந்தால் கூலி குறையும், அதனால் லாபம் உயரும், அதனால் முதலீடு பெருகும். அவருடைய கோட்பாட்டிலேயே மலிவு ரொட்டியின் முதல் பலன் போய்ச் சேருவது முதலாளியின் கணக்கில்தான். தொழிலாளிக்கு வருவது, வளர்ச்சியால் பின்னால் கிடைக்கும் வேலை. நிலப்பிரபு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூவருக்கும் விளைச்சல் எப்படிப் பங்காகிறது என்று கண்டறிவதே பொருளியலின் முதன்மைப் பிரச்சினை என்று அவர் தன் நூலின் முன்னுரையிலேயே எழுதியிருந்தார். வர்த்தகத்தால் மொத்தம் பெருகும் என்பது ஒரு கணக்கு. அது யார் பைக்குப் போகும் என்பது வேறு கணக்கு.

அந்த நான்கு எண்கள் சொல்லாத கதை

உண்மையான போர்ச்சுகலுக்கு என்ன ஆனது? 1703-லேயே மெதுவேன் ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. அதன்படி இங்கிலாந்தின் கம்பளித் துணியை போர்ச்சுகல் அனுமதிக்க வேண்டும். பதிலுக்கு அதன் ஒயினுக்கு பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரியை இங்கிலாந்து விதிக்கும். போர்ச்சுகலின் துணித் தொழில் தலைதூக்க முடியாமல் போனது. இங்கிலாந்து துணியிலிருந்து இயந்திரத்துக்கும், இயந்திரத்திலிருந்து ரயிலுக்கும் போனது. துணியில் கிடைத்த வளர்ச்சிப் படிக்கட்டு ஒயினில் கிடைக்கவில்லை என்பதை ஜோன் ராபின்சன் போன்ற பிற்காலப் பொருளியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இங்கிலாந்து துணியில் கெட்டிக்காரனாக ஆனதும் வெறும் திறந்த சந்தையால் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுபோன அச்சிட்ட பருத்தித் துணிகள் அங்கே சக்கைப்போடு போட்டன. உள்ளூர் நெசவாளர்கள் கொந்தளிக்க, 1700-ல் அச்சிட்ட துணி இறக்குமதிக்குத் தடை வந்தது. 1721-ல் அத்தகைய பருத்தித் துணியை உடுத்தவே தடை வந்தது. 1774-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் இங்கிலாந்தின் பருத்தித் தொழில் காலூன்றிவிட்டது.

தான் ஏறிய ஏணியை மேலே போனதும் எட்டி உதைப்பது என்று இதை ஜெர்மனியின் பிரெடரிக் லிஸ்ட் 1841-ல் வர்ணித்தார். செவ்வியல் பொருளியலாளரான ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, புதிதாக முளைக்கும் தொழிலுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தரலாம் என்று 1848-ல் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு ஓட்டையை ரிக்கார்டோவே சொல்லியிருந்தார். அவருடைய கணக்கு, மூலதனம் நாடு விட்டு நாடு தாவாது என்ற நிபந்தனையில் நிற்கிறது. பணக்காரர்கள் அந்நிய மண்ணில் பணம் போடத் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் நல்லதே என்றும் அவர் நினைத்தார். இன்று ஒரே கிளிக்கில் கோடிகள் கண்டம் தாண்டுகின்றன. ஆலையே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

கருத்தை மாற்றிக்கொண்ட ரிக்கார்டோ

1821-ல் தன் நூலின் மூன்றாம் பதிப்பில் ரிக்கார்டோ புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். தலைப்பு: இயந்திரங்கள். இயந்திரத்தால் எல்லோருக்குமே நன்மைதான் என்று அதுவரை தான் நம்பியது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இயந்திரம் வந்து நாட்டின் நிகர வருமானம் உயர்ந்தாலும், தொழிலாளிகள் வேலையிழந்து துன்பப்படலாம் என்றார். செயற்கை நுண்ணறிவு தன் வேலையைப் பறிக்குமா என்று யோசிக்கும் தலைமுறைக்கு, அவர் எழுதியதில் நெருக்கமான பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு இது எதற்கு?

இந்தச் சிந்தனைகள் இந்தியாவுக்குப் புதிதல்ல. கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் மால்தஸ் பேராசிரியர். மில் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை வேலை பார்த்தவர். தானியச் சட்டத்தை எதிர்க்க 1843-ல் ‘தி எகனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன்தான் 1860-ல் இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்து, இங்கே வருமான வரியை அறிமுகப்படுத்தியவர்.

2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது, திருப்பூர் பின்னலாடைத் துறை அதிர்ந்தது. அமெரிக்க நுகர்வோருக்கும் அதில் இழப்புண்டு என்பது ரிக்கார்டோ பாடம். வேலை போன அமெரிக்க ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பாடம் ஏன் ஆறுதல் தரவில்லை என்பதற்கும் அவருடைய நூலிலேயே விடை இருக்கிறது.

நம் அடுப்படியிலும் இதே சண்டை நடக்கிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 20 சதவீதமாக்கியது. எண்ணெய் வித்து விவசாயிக்குத் தெம்பு, குடும்ப பட்ஜெட்டில் இடி. 2025 மே இறுதியில் அதையே 10 சதவீதமாகக் குறைத்தது. இப்போது குடும்பத்துக்கு நிம்மதி, விதைப்புக்குத் தயாராகும் விவசாயிக்குக் கவலை.

வரியே வேண்டாம் என்று ஒரே நாளில் எடுத்துவிடும்படி ரிக்கார்டோ கேட்டதில்லை. 1822-ல் அவர் முன்வைத்த யோசனை இது: கோதுமை இறக்குமதிக்கு 20 ஷில்லிங் வரியில் தொடங்குங்கள், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் வீதம் குறையுங்கள், 10 ஆண்டுகளில் 10 ஷில்லிங்குக்கு வாருங்கள். உயர்ந்த விலையை நம்பி நிலத்தில் பணத்தைப் போட்டவர்கள் வேறு வழி தேட அவகாசம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் 10 ஆண்டு அவகாசம் கேட்ட அதே பாதிக் குறைப்பு, நம் எண்ணெய் வரியில் 9 மாதங்களுக்குள் நடந்து முடிந்திருக்கிறது.